ஈரமில்லாத ஓட்டை

ஒப்துலியா சம்போனிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மற்றவர்கள் கத்துவார்கள், பாத்திரத்தை உருட்டுவார்கள், கண்ணில் படுகிற நாயை உதைப்பார்கள். இவள் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். பியெத்ரா ஆன்ச்சா என்கிற மலைமேட்டில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவள் பேசாமல் புகைத்தால் யாருக்கோ கேடுகாலம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். கீழ்வீட்டு எலியேசெருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் செய்தான். அதனால் அவனுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடப்போவதில்லை.

அவள் நிலம் மேட்டின் உச்சி விளிம்பில் இருக்கிறது. காப்பி, வாழை, கொஞ்சம் மரவள்ளி, இரண்டு பன்றி, ஒரு கழுதை. தகப்பன் போனபிறகு தம்பிகள் நகரத்துக்கு ஓடிவிட்டார்கள், இவள் மட்டும் தங்கிவிட்டாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "ஏற்கெனவே ஒரு கழுதைக்குத் தீனி போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பாள். அந்த நிலத்தில் எல்லாம் விளையும், தண்ணீர் மட்டும் கிடையாது. பள்ளத்து ஓடையிலிருந்து குடத்தில் ஏற்றித்தான் குடிக்க வேண்டும், குளிக்க வேண்டும், காப்பிக்கொட்டையைக் கழுவ வேண்டும். பதினாறு வயதிலிருந்து தலையில் தண்ணீர் சுமந்து அவளுக்குக் கழுத்து மாட்டுக் கழுத்துபோல் ஆகிவிட்டது.

மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், யாருக்கும் சொந்தமில்லாத காட்டில், ஓர் ஊற்று இருப்பதை விறகு பொறுக்கப் போனபோது கண்டுபிடித்தாள். நல்ல ஊற்று, கோடையிலும் கசிகிற ஊற்று, எங்கள் மேட்டைவிட உயரத்தில் இருக்கிற ஊற்று. ஆனால் ஊற்றுக்கும் எங்கள் மேட்டுக்கும் நடுவில் கழுதைமுதுகு என்கிற முகடு குறுக்கே கிடக்கிறது. ஊற்றைவிட அது ஓர் ஆள் உயரம் அதிகம். தண்ணீர் எப்படி ஏறும்? எல்லோரும் சிரித்தார்கள். ஒப்துலியா சிரிக்கவில்லை. லாரிக்காரன் டேங்குக்குள் குழாயை விட்டு வாயால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, டீசல் தானாக மேலே ஏறி மறுபக்கம் இறங்குவதை அவள் சந்தையில் நின்று பார்த்திருக்கிறாள். டீசலுக்கு முடிந்தது தண்ணீருக்கு முடியாதா என்று கேட்டாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிக் காரியத்துக்கு ஊர்வேலை கூப்பிடுவோம். யாருக்குக் காரியமோ அவர்கள் கோழியடித்துப் பெரிய பானையில் சமைக்க வேண்டும். ஊர் வந்து உழைக்கும், உழைத்துவிட்டு அந்தப் பானையில் சாப்பிடும். சாப்பிட்டு முடித்துவிட்டால் அந்த வேலை ஊர் வேலை. அப்படிப் போட்ட பாலத்தையோ பாதையையோ வேலியையோ எந்தத் தனி ஆளும் பிடுங்க முடியாது. பிடுங்கினவன் வீட்டுச் சாவுக்குக்கூட ஆள் போகாது. ஒப்துலியா கூப்பிடவில்லை. "சிரிச்ச வாய்க்கு நான் எதுக்குக் கோழி அடிக்கணும்?" என்று சொல்லிவிட்டுத் தானாகவே கிளம்பினாள். திமிர் என்று சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

கறுப்பு ஹோஸைச் சுருள் சுருளாக வாங்கிக் கழுதைமேல் ஏற்றினாள். ஊற்று கசிகிற இடத்தில் சேற்றை வழித்து, கல்லடுக்கி, களிமண் பூசி, சின்னத் தொட்டி கட்டினாள். இலையும் தவளையும் போகாமல் ஹோஸ் வாயில் சாக்குத்துணி கட்டினாள். முகட்டில் ஒரு இணைப்பு வைத்தாள். இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, அந்த இணைப்பின் வழியாக ஹோஸ் முழுக்கத் தண்ணீரை ஊற்றி நிரப்பி, மூடி, பிறகு இரண்டு முனையையும் திறந்தால், இறங்குகிற தண்ணீர் பின்னால் வருகிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வந்தது. வீட்டு வாசலில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

மறுபடி நிரப்பினாள், மறுபடி நின்றது. எங்கேயோ ஓட்டை என்று ஹோஸ் நெடுக நடந்து ஈரம் தேடினாள். ஒரு இடத்தில்கூட ஈரம் இல்லை. இப்படியே வாரக்கணக்கில் பித்துப் பிடித்தவள்போல் ஏறி இறங்கினாள். ஒருநாள் அலுத்துப்போய் முகட்டில் இணைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டு பற்றவைத்தாள். ஊதின புகை காற்றோடு போகாமல் வளைந்து, ஹோஸ் இணைப்பின் இடுக்குக்குள் நுழைந்தது. அப்போதுதான் புரிந்தது. உச்சியில் இருக்கிற ஓட்டை தண்ணீரை வெளியே விடாது, காற்றை உள்ளே உறிஞ்சும். காற்று சேர்ந்தால் தண்ணீரின் பிடி அறுந்துவிடும். அதனால்தான் எங்கேயும் ஈரமில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்து இணைப்பை இறுக்கிச் சுற்றினாள். அதற்குப் பிறகு தண்ணீர் நிற்கவே இல்லை. அன்றைக்கு அவள் பட்டப்பகலில் வாசலிலேயே உடுத்த துணியோடு குளித்ததை எதிர்மேட்டிலிருந்து பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள்.

எலியேசெர் வந்து பார்த்தான். அவன் கீழ்வீட்டுக்காரன். அவன் மகளுக்கு ஒப்துலியாதான் ஞானத்தாய். தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தபோது பிள்ளையைக் கையில் ஏந்தியவள். அந்த உறவு வந்துவிட்டால் பெற்றவர்களும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் ஆண் என்றால் கொம்பாத்ரே, பெண் என்றால் கொம்மாத்ரே. கூடப்பிறந்தவனோடு வெட்டுக்குத்து வரைக்கும் போகலாம், கொம்பாத்ரேயோடு குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் ஞானப்பிள்ளைக்கு ஆகாது என்று நம்புகிறோம். அதனால் எங்கள் மேட்டில் மிகக் கேவலமான வசவெல்லாம் மிக மரியாதையாகத்தான் சொல்லப்படும்.

"இது எப்படி கொம்மாத்ரே மேல ஏறி வருது?" என்று கேட்டான்.

உறவாயிற்றே என்று சொல்லிக்கொடுத்தாள். அடைப்பது, நிரப்புவது, திறப்பது எல்லாம் சொன்னாள். புகை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் முட்டாளாகத் திரிந்த கதையை எவள்தான் வாய்திறந்து சொல்வாள்?

பிறகு நகரத்தில் தம்பிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ஆள் வந்தது. கழுதையையும் பன்றியையும் எலியேசெரின் மனைவி நெல்ஃபியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அவள் வீட்டு வாசற்படியில் ஹோஸ் இருந்தது. முழு ஹோஸும், அழகாகச் சுருட்டி, வாழைநாரால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. குழாயைத் திறந்தாள், ஒரு இருமல் இருமியது. முகட்டைத் தாண்டி ஓடினாள். அவள் கல்லுத் தொட்டி இருந்த இடத்தில் சிமென்ட் பெட்டி, அதற்கு இரும்பு மூடி, மூடியில் பூட்டு. அதிலிருந்து ஒரு பருத்த ஹோஸ் கிளம்பி, அவள் போட்ட வழியிலேயே கழுதைமுதுகு ஏறி, நேராக எலியேசெர் வீட்டுக்கு இறங்கியது.

அவன் தன் புதுக் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தான். ட்ரவுட் மீன் வளர்க்கப்போகிறானாம்.

"வாங்க கொம்மாத்ரே! தம்பி எப்படி இருக்காரு? உங்க ஹோஸ் வெயில்ல கெட்டுப் போயிடுமேன்னு சுருட்டி வெச்சேன், பாத்தீங்களா?"

"பாத்தேன் கொம்பாத்ரே. நல்லாச் சுருட்டியிருக்கீங்க. சுருட்டறதுல உங்களுக்குக் கைப்பழக்கம் உண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"தண்ணி ஆபீஸ்ல என் பேருக்கு அனுமதி வாங்கிட்டேன். சட்டப்படி ஊத்து இப்ப என்னோடது. அதுக்காகக் கவலைப்படாதீங்க. என் கொம்மாத்ரேக்கு என் குழாயில எப்பவும் ஒரு வாளி உண்டு."

"கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும்" என்றாள் அவள். நன்றி சொல்ல எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்பது வேறு விஷயம்.

வயிறெரிந்தது அவளுக்கு. ஊரிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. அந்த ஹோஸ் ஊர்வேலையில் போட்டதில்லையே, தனியாகப் போட்டதைத் தனியாள் பிடுங்கினான், அவ்வளவுதான். "கூப்பிட்டிருந்தா வந்திருப்போம்ல?" என்று ஊர் கேட்கும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அன்றிலிருந்து அவள் வாளியை எடுத்துக்கொண்டு அவன் குழாய்க்கு இறங்க வேண்டியதாயிற்று. தான் கொண்டுவந்த தண்ணீரைத் தானே போய்ப் பிச்சை வாங்குகிற மாதிரி. நாலு பேர் நிற்கிற நேரம் பார்த்து அவன் குரலை ஏற்றுவான்: "எடுங்க கொம்மாத்ரே, வெக்கப்படாதீங்க, ரெண்டு வாளிகூட எடுங்க!" கூட்டம் கலைந்தபிறகு குரலை இறக்குவான். "இந்த வயசுல தனியா மேல எதுக்குக் கஷ்டம்? நிலத்த என்கிட்ட குடுத்துட்டுத் தம்பி வீட்டோட போய் இருங்களேன். தண்ணியில்லாத நிலத்த வேற எவன் கேப்பான்?"

அங்கேதான் விஷயம் இருந்தது. ஊற்று அவனுக்குப் பாதி வேட்டைதான். மீதி வேட்டை அவள் நிலம். தண்ணீரில்லாமல் காப்பி கழுவ முடியாது, காப்பி கழுவாமல் இன்னொரு வருஷம் ஓட்ட முடியாது, கடைசியில் அவளே வந்து கெஞ்சி விற்றுவிட்டுப் போவாள் என்று கணக்குப் போட்டிருந்தான். ஒப்துலியா வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். வாசலில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தாள். புகைந்துகொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பூசைக்குக் கீழே கோவிலுக்குப் போயிருந்த நேரம், பட்டப்பகலில், தையல் ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு கழுதைமுதுகுக்கு ஏறினாள். அவன் ஹோஸ் முகட்டில் வளைகிற இடத்தில் மண்டியிட்டாள். அடிப்பக்கத்தில், புல்லோடு ஒட்டிக் கிடக்கிற பக்கத்தில், ஊசியை முழுக்க ஏற்றி எடுத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. காதை வைத்துக் கேட்டாள், மெல்லிய சீழ்க்கை. அவளுக்கு அதைவிட இனிய பாட்டு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, தாமதமாகப் பூசைக்குப் போய், கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

எலியேசெர் பூசை முடிந்து வந்தால் குழாய் இருமுகிறது. மேலே போய் நிரப்பித் திறந்தான். வந்தது. சாப்பிட உட்காருவதற்குள் நின்றது. மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. ஹோஸ் நெடுகக் கண்ணை விளக்காக்கிக்கொண்டு நடந்தான். பள்ளத்தில் கிடந்த ஹோஸையெல்லாம் வெட்டிப் புதுசு போட்டான், ஏனென்றால் ஓட்டை என்றால் ஈரம், ஈரம் என்றால் பள்ளம், அவன் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது. மேலே, காய்ந்து கிடக்கிற முகட்டில், எவன் ஓட்டை தேடுவான்? ஹோஸ் விற்றவனை நகரத்திலிருந்து வரவழைத்துச் சண்டை போட்டான். ஊற்றுக்குக் கண்பட்டுவிட்டது என்று ஒருத்தியை அழைத்து வந்து மூலிகைப் புகை போட்டான். அந்தப் புகையை முகட்டில் போட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், அவள் ஊற்றடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஒப்துலியா இறங்கிப் போய் ஆறுதல் சொன்னாள். ஆறுதல் சொல்லாமல் இருக்க முடியுமா, கொம்மாத்ரே ஆயிற்றே.

"வழி முழுக்கப் பாத்தீங்களா கொம்பாத்ரே? எங்கயாவது ஈரம்?"

"ஒரு சொட்டு ஈரம் இல்ல கொம்மாத்ரே. நாக்கால தடவிப் பாக்காத குறைதான்."

"ஈரம் இல்லன்னா ஓட்டையும் இல்ல."

"அதான் எனக்கும் புரியல."

"ஒருவேளை தண்ணிக்கே உங்க வீட்டுக்கு வரப் பிடிக்கலையோ என்னவோ. அனுமதித் தாள தண்ணிக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

குளம் வற்றிக்கொண்டு வந்தது. மீன்கள் மூச்சுக்கு வாயைப் பிளந்து மேலே வந்தன, பிறகு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நாற்றம் மேடு முழுக்க ஏறியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒப்துலியா மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, வெல்லத்தண்ணீரில் சோளரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டாள்.

அவளுக்கும் தண்ணீர் இல்லைதான். அவன் குழாய் வறண்டால் அவள் வாளியும் வறண்டது. மறுபடி பள்ளத்து ஓடைக்கு இறங்கினாள், குடத்தைத் தூக்கினாள். முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது. ஆனால் அந்தக் குடத்துக்கு அவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அதனால் அது கனக்கவில்லை என்று அவளே பிறகு சொன்னாள்.

ஓடையில் ஒருநாள் நெல்ஃபியைப் பார்த்தாள். மகள் கீழே பள்ளி விடுதியில் இருந்தாள், வீட்டில் நெல்ஃபி ஒருத்திதான். பன்றிக்கும் மாட்டுக்கும் சமையலுக்கும் குளத்தில் உயிரோடு மிச்சமிருந்த மீனுக்கும் அவள்தான் சுமந்துகொண்டிருந்தாள். எலியேசெர் சுமக்கவில்லை. எங்கள் மேட்டில் ஆண்பிள்ளைகள் மூட்டை சுமப்பார்கள், மரம் சுமப்பார்கள், தண்ணீர் மட்டும் சுமக்க மாட்டார்கள். ஒப்துலியா இதை யோசித்திருக்கவில்லை. ஊசி குத்தினது அவனுக்கு, வலித்தது இவளுக்கு. தன் குடத்தைக் கரையில் வைத்துவிட்டு நெல்ஃபியிடம் போனாள்.

"உக்காருங்க கொம்மாத்ரே" என்றாள். "குடத்தக் குடுங்க, நான் ரொப்பித் தரேன்."

நெல்ஃபி உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் உள்பக்கமாக் குத்தியிருக்கலாம் கொம்மாத்ரே. புல்லு காஞ்சதும் கண்ணுக்குத் தெரியுது."

ஒப்துலியாவின் கையிலிருந்த குடம் தண்ணீரில் முங்கிப்போனது.

"மொத வாரமே பாத்துட்டேன். ஹோஸத் தடவிக்கிட்டே போனேன், மேட்டு உச்சியில வெரலப் புடிச்சு உறிஞ்சிச்சு. மேல புல்லு போட்டு மூடிட்டு வந்தேன்."

"ஏன் சொல்லல அவர்கிட்ட?"

"உங்க ஹோஸப் புடுங்கினப்ப, வேணாங்க, பாவம்ங்கன்னு சொன்னேன். தண்ணி தூக்கறவளுக்குத் தண்ணியப் பத்திப் பேச்சு எதுக்குன்னாரு. சரின்னு அன்னைலேருந்து தண்ணியப் பத்திப் பேசறதே இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. ஓடைக்கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு நெல்ஃபி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு கொம்மாத்ரே. ரொம்ப நாளைக்கு எழுந்திருக்க மாட்டேன்னு நெனைக்கறேன்" என்றாள்.

அவள் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் கண்ட காட்சி இருக்கிறதே! எலியேசெர் குடத்தோடு ஓடைக்கு இறங்குகிறான், ஏறுகிறான், வழுக்குகிறான், பாதியைக் கொட்டுகிறான், மறுபடி இறங்குகிறான். வேலியோரம் நின்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். "எலியேசெர், இடுப்ப ஆட்டாம நடக்கணும்!" என்று பெண்கள் கத்தினார்கள். காப்பி பழுத்துவிட்டது. பறித்த பழத்தை உரித்துப் போட்டிருந்தான், கழுவத் தண்ணீரில்லாமல் அது புளித்து நாறத் தொடங்கியது. அப்போதுதான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்துலியாவின் வாசலுக்கு ஏறி வந்தான்.

"கொம்மாத்ரே, அந்தத் தண்ணிய மொதல்ல மேலேத்துனது நீங்கதான். என்னாச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். உங்க ஞானமக பேரால கேக்கறேன்."

ஞானப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்டால் மறுக்கக் கூடாது. அவளும் மறுக்கவில்லை. சுருட்டை எடுத்துச் சாம்பலைத் தட்டினாள்.

"செஞ்சு தரேன். மூணு காரியம். பெட்டியில பூட்டு இருக்கக் கூடாது. ஹோஸ் மொதல்ல என் வீட்டுத் தொட்டிக்கு வரும், அது ரொம்பி வழியறது உங்க வீட்டுக்கு. அப்புறம், இது ஊர்வேலையா நடக்கணும். நீங்கதான் ஊரக் கூப்பிடணும், நீங்கதான் சமைச்சுப் போடணும்."

"உங்க வீட்டுல வழியறதா எனக்கு?"

"வாளிக்கு வாளி கேட்டு வர்றதவிட மேல் இல்லையா? எனக்குப் பழக்கம் இருக்கு, அதான் சொல்றேன்."

புளித்த காப்பியின் நாற்றம் அவன் சட்டையிலேயே இருந்தது. ஒத்துக்கொண்டான். ஆனால் இறங்கிப் போகும்போதே அவன் நடையில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. கூப்பிடுவது நான், சோறு போடுவது நான் என்றால், கொடுப்பதும் நான்தானே என்று அவனுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

ஊர் வந்தது. எங்கள் மேட்டில் ஊர்வேலை என்றால் எல்லோரும் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடுகிற பெத்சாபேதான் தலைவி. உடம்பும் பெரிசு, குரலும் பெரிசு. அவள் பானையடியில் நின்று கோழியும் மரவள்ளியும் வாழைக்காயும் போட்டுக் கிண்ட, ஆண்கள் மண்வெட்டியோடு ஏறினார்கள். ஒப்துலியா முகட்டுக்குப் போய், அந்த ஊசித்துளை இருந்த பாகத்தை ஒரு சாண் வெட்டியெடுத்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இணைப்பு வைத்து ரப்பரால் இறுக்கினாள். மற்றவர்கள் அவள் தொட்டிக்கு வாய்க்கால் வெட்டி ஹோஸைப் புதைத்தார்கள், அங்கிருந்து இன்னொரு ஹோஸைக் கீழே இறக்கினார்கள். நிரப்பித் திறந்ததும் அவள் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. நின்று பார்த்தார்கள். நிற்கவில்லை.

சாப்பாடு எலியேசெர் வீட்டு முற்றத்தில். நெல்ஃபிகூட இடுப்பு சரியாகி எழுந்து வந்து பரிமாறினாள். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்க, எலியேசெர் சாராயக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான்.

"அன்பான ஜனங்களே, அனுமதி என் பேருல இருக்கு, ஊத்து என்னோடது. ஆனா மேல ஒரு ஏழைப் பொம்பளை, துணையில்லாதவ, என் புள்ளையோட ஞானத்தாய், தண்ணியில்லாமத் தவிக்கறதப் பாத்துக்கிட்டு நான் எப்படிக் குடிப்பேன்? மொதல்ல அவங்க குடிக்கட்டும், மிச்சம் எனக்குப் போதும்னு சொல்லிட்டேன். மனுஷனுக்கு மனசுதானே பெரிசு!"

கை தட்டினார்கள். சிலர் கண்ணைக்கூடத் துடைத்தார்கள். "எலியேசெர் மாதிரி ஒரு கொம்பாத்ரே கெடைக்கணுமே" என்று ஒருத்தி சொன்னாள்.

ஒப்துலியா தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்துவிட்டது, நிலம் தப்பித்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவள் பட்ட அவமானம் யாருக்கும் தெரியாது, அவள் வாங்கின பழியும் யாருக்கும் தெரியாது. பழிவாங்கியது அவனுக்கே தெரியாமல் போய், அவன் புண்ணியவான் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதா? பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். இன்னும் சிலர் தட்டில் மிச்சமிருந்தது. காத்திருந்தாள். கடைசியாகப் பெத்சாபே எலும்பை உறிஞ்சித் தட்டை வழித்துக் கீழே வைத்தாள். அப்போது ஒப்துலியா எழுந்தாள்.

"கொம்பாத்ரே நல்லாப் பேசினாரு. ஒண்ணு மட்டும் விட்டுட்டாரு. அந்தத் தண்ணிய நிறுத்தினது நான்."

அவள் பையிலிருந்து ஹோஸ் துண்டை எடுத்தாள்.

"கழுதைமுதுகுல, தையல் ஊசியால, ஒரே குத்து. மேட்டுல ஓட்டை போட்டா தண்ணி வெளிய வராது, காத்து உள்ள போகும். நான் போட்ட ஹோஸ இவரு புடுங்கிச் சுருட்டி என் வாசப்படியில வெச்சாரு. என் ஊத்துக்குப் பூட்டுப் போட்டாரு. என் தண்ணியில எனக்கே வாளி கணக்குப் பாத்தாரு, நிலத்த வித்துட்டுப் போன்னாரு. நான் குத்தினேன். நீங்க பள்ளம் பள்ளமா ஈரம் தேடுனத நான் அடுப்படியிலேருந்து தினம் பாத்தேன் கொம்பாத்ரே. உங்க மீன் நாத்தத்துலதான் நான் சோறு தின்னேன். அவ்வளவு ருசியா நான் என்னைக்கும் தின்னதில்ல."

பெத்சாபே நெஞ்சில் சிலுவை போட்டாள். "அடிப் பாவி, கொம்பாத்ரேகிட்டயா இப்படிப் பேசற? ஞானப்பிள்ளை இருக்குடி!"

"பெத்தவ நான் சொல்றேன்" என்றாள் நெல்ஃபி, கையில் கரண்டியோடு. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு மொத வாரமே தெரியும்."

எலியேசெர் மனைவியைப் பார்த்தான், ஒப்துலியாவைப் பார்த்தான், ஹோஸ் துண்டைப் பார்த்தான். முதலில் ஒருவன் மூக்கால் சிரித்தான், அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு முற்றம் முழுக்க வெடித்தது. குடத்தோடு வழுக்கி விழுந்ததை ஒருவன் எழுந்து நடித்தே காட்டினான். எலியேசெரின் முகம் சிவந்து, கறுத்து, வெளுத்தது. சுவரில் தொங்கிய அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் பாய்ந்தான்.

"இப்பவே வெட்டிப் போடறேன்! அந்த ஹோஸ் ஒரு முழம் மிஞ்சாது! ஏய், உனக்கு இனி ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது!"

யாரும் ஓடவில்லை, யாரும் அவனைப் பிடிக்கவில்லை. பெத்சாபே உட்கார்ந்த இடத்திலிருந்து நகரக்கூட இல்லை. தன் காலித் தட்டை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"சாப்ட்டாச்சு, எலியேசெர்."

அவன் நின்றான். திரும்பிப் பார்த்தான். முற்றம் முழுக்க, கால்களுக்கிடையே, மடிகளில், தரையில், வழித்துத் துடைத்த தட்டுகள். அவனே சமைத்துப் போட்டது. ஒப்துலியாவின் சிரிக்காத கண்ணை அப்போதுதான் அவன் ஒழுங்காகப் பார்த்தான். கோழிக்கு ஆசைப்பட்டு அவள் ஊர்வேலை கேட்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. கடைசி வாய் தீரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

"எலியேசெர்" என்றாள் அவள், முதல்முறையாகக் கொம்பாத்ரே சேர்க்காமல், மரியாதையும் இல்லாமல். "நாளைக்குக் காப்பி கழுவு. காலையில வழிய விடறேன். நான் குளிச்ச பெறகு."

அவன் அரிவாளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனான். நெல்ஃபி பானைக்குள் எட்டிப் பார்த்து, அடியில் இன்னும் ரெண்டு கரண்டி இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்று கேட்டாள். ஒப்துலியா தட்டை நீட்டினாள்.